கலையரசியின் விண்வெளிப் பயணம்: கலையும் அறிவியலும் பிரிந்த இடம்

முன்னுரை

கோலாலம்பூரில் பிரிக்பீல்ட்ஸ் வட்டாரத்திற்கு அண்மையில் மலேசிய வானொலி தொலைக்காட்சி நிலையத்தின் தலைமையகமாக விளங்கும் கட்டடத் தொகுதிக்கு அங்காசாபுரி என்று பெயர். மலாய்மொழியில் 'அங்காசா' என்பது வானவெளியைக் குறிக்கும். தமிழில் வழங்கும் 'ஆகாயம்' என்னும் சொல்லுக்கும் அதற்கும் வடமொழி மூலம் ஒன்றே. 'புரி' என்பது நகரைக் குறித்தலும் நாம் அறிந்ததே. எனவே இந்நாட்டுத் தொலைக்காட்சியின் இருப்பிடத்தை விண்நகரம் என்று தமிழில் பெயர்த்துக் கூறலாம். 1963 டிசம்பர் 28ஆம் நாள் தொடங்கிய மலேசியத் தொலைக்காட்சி 1969இல் இவ்விண்நகருக்குக் குடிபெயர்ந்தது. மனிதன் நிலவில் கால்பதித்ததும் அவ்வாண்டிலேயே ஆகும்.

தொலைக்காட்சிக்கும் விண்வெளிக்கும் உள்ள உறவு பெயரளவோடு நின்றுவிடவில்லை. அமெரிக்கா, பிரிட்டன், ஜெர்மனி முதலிய நாடுகளில் தொலைக்காட்சி வளர்ந்த தொடக்கக் காலத்திலேயே விண்வெளிப் பயணத்தைப் பொருளாகக் கொண்ட தொடர்நாடகங்கள் தோன்றின. தமிழில் அவ்வாறு நிகழவில்லை. சென்னையில் தொலைக்காட்சி நிலையம் 1975இல்தான் தொடங்கியது. அதற்கு முன்னரே தமிழ் நாடகக் கற்பனை விண்வெளிக்குச் சென்று திரும்பியிருந்தது. ஆனால் அது சென்ற ஊர்தி திரைப்படம். 1963இல் வெளிவந்த 'கலையரசி' அப்படமாகும். ஏ. காசிலிங்கம் இயக்கத்தில் எம். ஜி. இராமச்சந்திரனும் பி. பானுமதியும் நடித்த இப்படம், வேற்றுக்கோளினரையும் விண்வெளிப் பயணத்தையும் காட்டிய இந்தியப் படங்களுள் மிக முந்தியவற்றுள் ஒன்று.

இப்படம் பெரும்பாலும் ஒரு வியப்புச் செய்தியாகவே நினைவுகூரப்படுகிறது. 'அக்காலத்திலேயே தமிழில் விண்வெளிப் படம் எடுத்தார்கள்' என்ற பெருமிதத்தோடு பேச்சு முடிந்துவிடுகிறது. படம் கலையையும் அறிவியலையும் எவ்வாறு பங்கிட்டது, அப்பங்கீடு தமிழ் கற்பிப்போராகிய நமக்கு எதனை உணர்த்துகிறது என்பன போதிய அளவு ஆராயப்படவில்லை. இவ்விரு வினாக்களையும் எடுத்துக்கொண்டு, சமகாலத் தொலைக்காட்சி நாடகங்களோடும் தமிழ் இலக்கிய மரபோடும் ஒப்பிட்டு அப்படத்தை மதிப்பிடுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தொடக்ககாலத் தொலைக்காட்சியில் விண்வெளி

அமெரிக்காவின் டூமான்ட் நிறுவனம் 1949 முதல் 1955 வரை 'கேப்டன் வீடியோ' என்னும் தொடரை ஒளிபரப்பியது. நாடகம் நேரலையாக நடிக்கப்பட்டது. செலவுக்குப் பணம் மிகக் குறைவு. ஏனைய நாடுகளிலும் நிலைமை பெரிதும் வேறுபட்டதன்று. மேற்கு ஜெர்மனியில் 1966இல் ஏழு பகுதிகளாக ஒளிபரப்பான 'ரௌம்பட்ரூய்' தொடரில், விண்கலத்தின் இயக்குபலகையில் துணி தேய்க்கும் இஸ்திரிப்பெட்டியின் பகுதி ஒரு கருவியாகப் பொருத்தப்பட்டிருந்ததை இன்றும் சுட்டிக்காட்டுவர். காட்சிப் பொருளுக்கு வசதியில்லாத இடத்தில் நாடகாசிரியர்கள் உரையாடலையும் கருத்தையும் நம்பினர். விண்கலம் என்பது நான்கைந்து மனிதர் அமர்ந்து வாதிடும் ஓர் அறையாயிற்று.

இவ்வகையில் முதன்மையாக வைத்து எண்ணத்தக்கது, பிபிசி 1953 ஜூலை, ஆகஸ்டு மாதங்களில் ஆறு பகுதிகளாக ஒளிபரப்பிய 'குவாட்டர்மாஸ் சோதனை'. நைஜல் நீல் எழுத, ருடால்ஃப் கார்ட்டியர் தயாரித்து இயக்கினார். இதுவும் நேரலை நாடகமே. முதலிரண்டு பகுதிகளின் பதிவு மட்டுமே இன்று எஞ்சியுள்ளது. பேராசிரியர் குவாட்டர்மாஸ் அனுப்பிய விண்கலத்தில் மூவர் செல்கின்றனர். கலம் திரும்பி வரும்போது உள்ளே ஒருவர் மட்டுமே இருக்கிறார். கதவு உள்ளிருந்து திறக்கப்பட்டதற்கான அடையாளம் இல்லை. திரும்பியவரிடம் மற்ற இருவரின் அறிவும் நினைவும் கலந்திருக்கின்றன. மெல்ல மெல்ல அவர் மனிதத்தன்மையை இழந்து வேறோர் உயிராக மாறுகிறார். இறுதியில் இலண்டனின் வெஸ்ட்மின்ஸ்டர் தேவாலயத்தில், அவ்வுயிரினுள் இன்னும் எஞ்சியிருக்கும் மனிதரை நோக்கிப் பேராசிரியர் பேசுகிறார். ஆயுதத்தால் அன்றிச் சொல்லால் நாடகம் முடிவுக்கு வருகிறது.

இந்நாடகம் எழுப்பும் வினா எளியது; ஆனால் ஆழமானது. விண்வெளிக்குச் சென்றவன் எதனோடு திரும்புகிறான்? இவ்வினாவை விண்வெளிப் பயணக் கதைகள் அனைத்திற்கும் ஓர் உரைகல்லாகக் கொள்ளலாம். ஏன் செல்கிறான், எதனோடு திரும்புகிறான் என்னும் இரண்டிற்கும் ஒரு கதை தரும் விடையே அக்கதையை உருவாக்கிய சமுதாயம் அறிவைப் பற்றிக் கொண்டுள்ள எண்ணத்தைக் காட்டிவிடும். இவ்வுரைகல்லைக் கொண்டே 'கலையரசி'யை நோக்குதல் வேண்டும்.

'கலையரசி': காலமும் கதையும்

சோவியத் ஒன்றியத்தின் ஸ்புட்னிக் 1957 அக்டோபரில் விண்ணில் ஏவப்பட்டது. யூரி ககாரின் 1961 ஏப்ரல் 12ஆம் நாள் பூமியைச் சுற்றி வந்தார். 'கலையரசி' அதற்கு இரண்டாண்டுகள் கழித்து, 1963 ஏப்ரலில் வெளிவந்தது. அவ்வாண்டு ஜூன் மாதத்தில் வாலண்டினா தெரஷ்கோவா விண்வெளி சென்ற முதல் பெண் ஆனார். நவம்பர் 21ஆம் நாள் கேரளத்தின் தும்பாவிலிருந்து இந்தியாவின் முதல் ஆய்வு ஏவுகணை ஏவப்பட்டது. மலேசியா என்னும் நாடு அவ்வாண்டு செப்டம்பரில் உருவானது. அதன் தொலைக்காட்சி டிசம்பரில் தொடங்கியது. படம் வெளிவந்தபோது இந்நாடு இன்னும் மலாயாவாகவே இருந்தது. அறிவியலும் அரசியலும் விரைந்து மாறிய ஓர் ஆண்டில் இப்படம் பிறந்தது என்பது நினைவிற் கொள்ளத்தக்கது.

படத்தின் கதையைச் சுருக்கமாகக் கூறலாம். வேற்றுக்கோள் ஒன்று அறிவியலில் பூமியை விஞ்சி நிற்கிறது. ஆயினும் அங்கே இசை, நடனம் முதலிய கலைகள் வளரவில்லை. அக்குறையை நீக்க, கலையில் சிறந்த ஒருவரைத் தேடி அக்கோளினர் பூமிக்கு வருகின்றனர். வாணி என்னும் பெண்ணைத் தேர்ந்து, விண்கலத்தில் கவர்ந்து செல்கின்றனர். எம். என். நம்பியார் வேற்றுக்கோளினராகத் தோன்றுகிறார். வாணியின் காதலனாகிய மோகன் பின்னர் விண்கலத்தின் வழியே அக்கோளை அடைகிறான். அங்கே தன் உருவத்தையே ஒத்த விகடன் ஒருவனைக் காண்கிறான்; அவனுடைய இடத்தில் தான் புகுந்து அரண்மனைக்குள் நுழைகிறான். இதற்கிடையே பூமியில் வாணியின் உருவத்தை ஒத்த வள்ளி என்னும் பெண்ணால் குழப்பங்கள் நேர்கின்றன. முடிவில் மோகன் வாணியை மீட்டுப் பூமி திரும்புகிறான்.

இவ்வாறு பானுமதிக்கும் இராமச்சந்திரனுக்கும் இரட்டை வேடங்கள் அமைந்துள்ளன. இரட்டை வேடம் அக்காலத் தமிழ்த் திரைக்கு வழக்கமான உத்தியே. எனினும் மோகனைப் பொறுத்தவரை அது மற்றொரு பணியையும் செய்கிறது. வேறொரு கோளில் தன் முகத்தையே அவன் காண்கிறான். வேற்றுலகம் என்பது உண்மையில் வேறானதன்று, நம் உலகின் மறுபதிப்பே என்னும் எண்ணம் இதன்வழிப் பார்வையாளர் மனத்தில் பதிகிறது.

இசையமைத்தவர் கே. வி. மகாதேவன். பானுமதி தம் பாடல்களைத் தாமே பாடும் நடிகையாகப் புகழ்பெற்றவர். எழுத்தாளராகவும் இயக்குநராகவும் விளங்கியவர். திரையில் பாடுவது போல் நடிக்கும் நடிகை ஒருவருக்கு மாறாக, உண்மையிலேயே பாடும் கலைஞர் ஒருவரை நாயகியாக்கியது கதைக்குப் பொருத்தமாகும். ஒரு கோளே அவருடைய கலைக்காகக் காத்திருக்கிறது என்ற கற்பனை, பானுமதி போன்ற ஒருவர் நடித்ததனாலேயே நம்பத்தக்கதாகிறது.

பழைய வானூர்திகளும் புதிய விண்கலமும்

தமிழ்க் கற்பனைக்கு வான்பயணம் புதிதன்று. ஓட்டுவோன் இல்லாமலே இயங்கும் வானூர்தி பற்றிய குறிப்பு புறநானூற்றில் உண்டு. நல்வினை செய்தோர் அதனை அடைவர் என்பது அங்குள்ள நம்பிக்கை. சிலப்பதிகாரத்தில் கண்ணகி வானூர்தியில் கோவலனோடு செல்வதை மலைவாழ் மக்கள் காண்கின்றனர். மணிமேகலையில் விஞ்சையர் வான்வழியே வருவதும் போவதும் இயல்பான செய்திகள்.

இவையனைத்தினும் நம் ஆய்வுக்கு நெருங்கியது சீவக சிந்தாமணி. சச்சந்தன் என்னும் மன்னன் தன் தேவி விசையைக்காக மயில் வடிவான பறக்கும் பொறி ஒன்றைச் செய்விக்கிறான். அது தெய்வம் தந்த ஊர்தியன்று. கைத்திறன் மிக்க தச்சன் செய்தது. பொறியை ஒருபுறம் திருப்பினால் மேலெழும், மறுபுறம் திருப்பினால் கீழிறங்கும் என்று திருத்தக்கதேவர் அதன் இயக்கத்தையே விளக்குகிறார். அதனினும் சிறப்பு, அப்பொறியை இயக்கும் பயிற்சியை விசையை பெறுவது. நாடு பகைவன் கைப்பட்டபோது கருவுற்றிருந்த அவள் அம்மயிற்பொறியில் ஏறித் தப்புகிறாள். ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்ட ஒரு தமிழ்க் காப்பியத்தில், மனிதன் செய்த பறக்கும் பொறியை ஒரு பெண் கற்று இயக்கினாள்.

இதனோடு ஒப்பிடும்போது 'கலையரசி'யின் வாணி பின்னடைந்தே நிற்கிறாள். அவள் விண்கலத்தில் கொண்டு செல்லப்படுகிறாள். அதனை இயக்கவோ அறிந்துகொள்ளவோ அவளுக்கு வாய்ப்பில்லை. இங்குப் படம் பின்பற்றுவது சிந்தாமணியின் மரபை அன்று. வானூர்தியில் சீதை கவரப்பட்ட இராமகாதையின் மரபை. கவர்ந்து செல்லும் வல்லவன், சிறைப்பட்ட நாயகி, தேடிச் சென்று மீட்கும் நாயகன் என்னும் மூன்று நிலைகளும் அப்படியே வேற்றுக்கோளுக்கு இடம்பெயர்ந்துள்ளன. பழைய கதையைப் புதிய இடத்தில் வைத்ததைக் குறையென்று கூற இயலாது. மக்கள் அறிந்த கதைவடிவம் அறியாத பொருளைக் கொண்டு செல்ல உதவும். ஆனால் இரண்டு மரபுகள் கைக்கெட்டும் தொலைவில் இருந்தபோது, அறிவையும் இயந்திரத்தையும் பேசும் மரபை விட்டுவிட்டு மீட்பையும் வீரத்தையும் பேசும் மரபையே படம் தேர்ந்தது என்பது கவனிக்கத்தக்கது.

அரசவையாகிவிட்ட வேற்றுக்கோள்

வேற்றுக்கோளைப் படம் காட்டும் முறையும் இதற்கு இயைந்ததே. அங்கே அரண்மனை இருக்கிறது, அரச குடும்பம் இருக்கிறது, விகடன் இருக்கிறான். பாய்ஸ் நாடகக் கம்பெனிகளில் வளர்ந்து, 1950களில் ராஜா ராணிப் படங்களில் செழித்த காட்சியமைப்பு இது. உடையிலும் கருவியிலும் சில புதுமைகளைச் சேர்த்ததும் அதுவே வேற்றுக்கோளாகிவிடுகிறது. அக்கோளினர் தமிழே பேசுகின்றனர். மொழி வேறுபாடு என்னும் சிக்கல் எழவேயில்லை.

பொருளாதாரக் காரணம் இதற்கு உண்டு என்பதை மறுக்க முடியாது. ஆனால் மேலே கண்ட தொலைக்காட்சி நாடகங்களுக்கும் பணம் இல்லை. அங்கே வறுமை உரையாடலை வளர்த்தது. இங்கே பழைய அரங்க வழக்கத்திற்குத் திரும்பச் செய்தது. அக்கோளினர் அறிவியலில் சிறந்தவர் என்பது நமக்குச் சொல்லப்படுகிறதே ஒழிய, அவ்வறிவியல் எத்தகையது, அதனை அவர்கள் எவ்வாறு பெற்றனர், அது அவர்தம் வாழ்வை எங்ஙனம் மாற்றியது என்பன காட்டப்படுவதில்லை. அறிவியல் அவர்களிடம் இருக்கும் ஓர் அணிகலன் போலவே தோன்றுகிறது. கலைக்கோ பாடலும் ஆடலுமாகப் போதிய இடம் கிடைக்கிறது. சொல்லப்படுவது அறிவியல், காட்டப்படுவது கலை என்னும் இவ்வேற்றத்தாழ்வு கதையின் கருத்தையே பாதிக்கிறது.

'கலை' என்னும் சொல்

படத்தின் தலைப்பிலுள்ள 'கலை' என்னும் சொல் தனியே ஆராயத்தக்கது. இன்று அச்சொல் இசை, நடனம், ஓவியம் முதலியவற்றையே பெரிதும் குறிக்கிறது. பழைய வழக்கு அவ்வாறன்று. ஆயகலைகள் அறுபத்து நான்கு என்று எண்ணப்பட்டவற்றுள் இசையும் நடனமும் உண்டு. மருத்துவம், கணிதம், வானநூல் போன்ற அறிவுத்துறைகளும் கைத்தொழில்களும் உண்டு. கற்கப்படுவன யாவும் கலையே. இப்பொருள் தற்காலத் தமிழிலும் முற்றும் மறையவில்லை. ஒரு துறைக்குரிய நுட்பச் சொல்லை நாம் கலைச்சொல் என்கிறோம். பெ. தூரனைத் தலைமைப் பதிப்பாசிரியராகக் கொண்டு 1954 முதல் தொகுதி தொகுதியாக வெளிவந்த தமிழின் பேரறிவுத் தொகுப்பிற்குக் கலைக்களஞ்சியம் என்றே பெயர். அதில் இயற்பியலும் தாவரவியலும் இசையோடும் இலக்கியத்தோடும் அடுத்தடுத்து அமர்ந்துள்ளன.

அக்கலைக்களஞ்சியத்தின் தொகுதிகள் வெளிவந்துகொண்டிருந்த காலத்திலேயே 'கலையரசி'யும் வெளிவந்தது. ஒன்று 'கலை' என்னும் சொல்லின் பரப்பை விரித்துக் காட்டியது. மற்றொன்று அச்சொல்லை ஆடல்பாடலாகச் சுருக்கி, அறிவியலுக்கு எதிர்நிலையில் நிறுத்தியது. வெகுமக்கள் மனத்தில் எது நிலைத்தது என்பதற்கு விடை கூறத் தேவையில்லை. படம் இச்சுருக்கத்தைத் தோற்றுவித்தது என்பது என் கருத்தன்று. பரவி வந்த ஓர் எண்ணத்திற்கு அது தெளிவான கதைவடிவம் தந்தது. அவர்களிடம் அறிவியல் உண்டு, நம்மிடம் கலை உண்டு. எனவே நாமும் குறைந்தவரல்லர் என்பதே அவ்வெண்ணம்.

இவ்வெண்ணத்திற்குச் சார்பாகவும் கூற வேண்டியது உண்டு. அணுகுண்டும் வல்லரசுகளின் ஏவுகணைப் போட்டியும் உலகை அச்சுறுத்திய காலம் அது. கலையில்லாத அறிவியல் முழுமையற்றது என்று ஒரு வெகுமக்கள் படம் சொன்னது மதிக்கத்தக்கதே. அன்றியும், காலனிய ஆட்சியிலிருந்து அண்மையில் விடுபட்ட மக்கள், தம்மைவிட வலியவரும் தம்மிடம் வந்து கற்க வேண்டியிருக்கும் என்று கற்பனை செய்ததில் தன்மான உணர்வு உண்டு. ஆனால் தன்மானம் வேறு, மனநிறைவு வேறு. தனக்கில்லாததை அறிந்து தேடி வந்தவர் வேற்றுக்கோளினரே. பூமியிலிருந்து சென்றவனுக்கு அத்தகைய தேடல் எதுவும் இல்லை.

கொண்டு வந்தது என்ன?

இங்கேதான் நாம் முன்னர் வகுத்துக்கொண்ட உரைகல் பயன்படுகிறது. மோகன் ஏன் செல்கிறான்? காதலியை மீட்க. எதனோடு திரும்புகிறான்? காதலியோடு. அறிவியலில் பன்மடங்கு முன்னேறிய ஓர் உலகில் இருந்துவிட்டு வந்தவன், அங்கிருந்து ஒரு கருவியையோ ஒரு கருத்தையோ ஓர் ஐயத்தையோகூட எடுத்து வரவில்லை. காதலனாகவும் வீரனாகவும் அவன் பயணம் வெற்றி பெறுகிறது. அறிவுத்தேட்டம் என்ற அளவில் அது வெறுங்கையோடு முடிகிறது.

பாரதியார், தமிழ்த்தாய் தன் மக்களைப் புதிய சாத்திரம் வேண்டுவதாக ஒரு பாடல் இயற்றியுள்ளார். மேற்கில் வளரும் புதிய அறிவுநூல்களைச் சொல்லும் ஆற்றல் தமிழுக்கு இல்லை என்ற பழிச்சொல்லைக் கேட்டு நொந்த தாய், எத்திசைக்கும் சென்று அச்செல்வங்களைக் கொணருமாறு மக்களை ஏவுகிறாள். அங்கும் பாரதியார் அச்செல்வத்தைக் குறிக்க ஆளும் சொல் கலை என்பதே. அதன் பொருள் பழைய விரிந்த பொருள். அத்தாயின் மக்களுள் ஒருவன் எட்டுத் திசையையும் கடந்து வேற்றுக்கோளுக்கே சென்று வந்தான். கேட்டதை மட்டும் கொண்டு வரவில்லை.

இக்குறை அக்கால இந்தியக் கற்பனைக்கே பொதுவானது என்று கருதுவதற்கும் இடமில்லை. 'கலையரசி'க்கு ஓராண்டு முன்னர், 1962இல், சத்யஜித் ராய் வங்காளத்தில் 'பங்குபாபுவின் நண்பன்' என்னும் சிறுகதையை எழுதினார். பங்குபாபு ஊர்ப்புறத் தொடக்கப்பள்ளி ஆசிரியர்; புவியியலும் வங்காளமும் கற்பிப்பவர்; நண்பர் கூட்டத்தில் நாள்தோறும் கேலிக்கு ஆளாகிப் பேசாமல் இருப்பவர். மூங்கில் தோப்பில் வந்திறங்கிய வேற்றுக்கோள் உயிர் அவரைச் சந்திக்கிறது. தன் கருவியின் வழி வட துருவத்தையும் பிரேசில் காட்டையும் அவருக்குக் காட்டுகிறது. தாம் காணாமலே இத்தனை ஆண்டுகள் கற்பித்து வந்த உலகத்தை ஆசிரியர் முதன்முறையாகக் காண்கிறார். மறுநாள் அவர் தம்மைக் கேலி செய்தோர் முன் நிமிர்ந்து நிற்கிறார். இக்கதையில் யாரும் விண்வெளிக்குச் செல்லவில்லை, சண்டையும் இல்லை. ஆனால் அறிவு ஒரு கோளிலிருந்து மற்றொரு கோளுக்குக் கைமாறுகிறது, பெற்றவர் மாறிவிடுகிறார். 'கலையரசி'யில் இத்தனை பெரிய பயணத்திற்குப் பின்னும் நிகழாதது இதுவே.

பின்னாளில் தமிழ் அறிவியல் புனைவு வேறு வழியில் வளர்ந்தது. மின்னணுப் பொறியாளராகப் பணியாற்றிய சுஜாதா கணினியையும் எந்திரத்தையும் பற்றி இயல்பான தமிழில் எழுதினார். ஆனந்த விகடனில் தொடராக வந்த அவருடைய 'என் இனிய இயந்திரா' தூர்தர்ஷனில் தொலைக்காட்சித் தொடராகவும் ஒளிபரப்பானது. அதில் வரும் ஜீனோ என்னும் எந்திர நாய் தமிழில் வாதிடும், நகைச்சுவையாகப் பேசும், நூல் படிக்கும். அறிவியல் பிறர் உடைமை என்ற நிலை அங்கே மாறிவிட்டது. ஆயினும் சுஜாதாவைப் படித்த தலைமுறையிலும் 'தமிழ் பண்பாட்டுக்கு, ஆங்கிலம் அறிவியலுக்கு' என்ற பங்கீடு மறைந்துவிடவில்லை. அப்பங்கீடு நூல்களைவிட வகுப்பறையிலேயே உறுதியாக வேரூன்றுகிறது. எனவே இவ்வாய்வு மலேசிய வகுப்பறைக்குத் திரும்புவது தவிர்க்கவியலாதது.

மலேசியச் சூழலும் இப்பங்கீடும்

மலேசியத் தமிழ்ப்பள்ளிகளில் அறிவியலும் கணிதமும் நெடுங்காலம் தமிழிலேயே கற்பிக்கப்பட்டு வந்தன. 2003 ஜனவரி முதல் அவ்விரு பாடங்களையும் ஆங்கிலத்தில் கற்பிக்கும் கொள்கை நாடு முழுவதும் நடைமுறைக்கு வந்தது. தமிழ்ப்பள்ளியில் தமிழுக்கு எஞ்சியவை பெரும்பாலும் மொழிப்பாடமும் நன்னெறியும் கலைநிகழ்ச்சியும் ஆயின. ஆறாண்டுகளுக்குப் பின், 2009இல், அக்கொள்கையைக் கைவிடுவதாக அரசு அறிவித்தது. பாடங்கள் படிப்படியாகத் தாய்மொழிக்குத் திரும்பின. பின்னர் 2016இல் தொடங்கிய இருமொழித் திட்டத்தின் வழி, ஆங்கிலத்தில் கற்பிக்க விரும்பும் பள்ளிகளுக்கு மீண்டும் வாய்ப்பளிக்கப்பட்டது. தமிழ்ப்பள்ளிகள் அதில் சேரலாமா என்பது பெற்றோரிடையேயும் ஆசிரியரிடையேயும் கடும் விவாதத்திற்கு உள்ளானது.

அக்கொள்கையின் நன்மை தீமைகளை அளப்பது கல்வியியலாளர் பணி. இலக்கியத் திறனாய்வின் பார்வையில் வேறொன்று புலப்படுகிறது. இவ்விவாதத்தில் தமிழுக்காகப் பேசியோருள் பலர் தமிழின் இனிமை, பண்பாடு, அடையாளம் ஆகியவற்றையே முன்வைத்தனர். ஆங்கிலத்திற்காகப் பேசியோர் அறிவியல், வேலைவாய்ப்பு, எதிர்காலம் ஆகியவற்றைக் கூறினர். இரு தரப்பும் தம்மை அறியாமலே ஒரே கதையை ஏற்றுக்கொண்டிருந்தன. அது 1963இன் கதை. வேற்றுக்கோளில் அறிவியல், நம்மிடம் பாட்டு என்னும் பங்கீடு ஏற்கப்பட்டபின், தமிழுக்கான வாதம் எவ்வளவு உருக்கமாக இருப்பினும் வகுப்பறையில் தோற்றே தீரும். ஒளிச்சேர்க்கையையும் உராய்வையும் ஈர்ப்பு விசையையும் தமிழில் கற்ற பத்து வயது மாணவரின் அறிவே தமிழுக்கான உறுதியான வாதம். கிள்ளானின் சிம்பாங் லீமா போன்ற பெரிய தமிழ்ப்பள்ளியிலும் சில மாணவரே பயிலும் தோட்டப்புறப் பள்ளியிலும் அவ்வறிவைத் தந்துவந்தவர் ஆசிரியரே.

மலாய்மொழி இவ்வகையில் நமக்கு ஓர் எடுத்துக்காட்டாக அமைகிறது. மலேசியா விண்வெளிக்கு ஆள் அனுப்பத் திட்டமிட்டபோது அவருக்கு 'அங்காசாவான்' என்று தன் சொல்வளத்திலிருந்தே பெயர் வழங்கியது. ஷேக் முசாஃபர் சுக்கோர் 2007 அக்டோபர் 10ஆம் நாள் சோயுஸ் கலத்தில் பன்னாட்டு விண்வெளி நிலையத்திற்குப் புறப்பட்டார். நாடு தழுவிய தேர்வில் இறுதிச் சுற்றை எட்டிய நால்வருள் சிவா வனஜா என்னும் இந்திய வம்சாவளிப் பெண்மணியும் ஒருவர். அந்நால்வருள் ஒரே பெண். 'கலையரசி'யின் வாணி தன் குரலுக்காகக் கவர்ந்து செல்லப்பட்டாள். இவர் தாமே விண்ணப்பித்துத் தம் கல்வியாலும் உடல்தகுதியாலும் அவ்விடத்தை எட்டினார். சிந்தாமணியின் விசையைக்கு உறவானவர் இவரே. இச்செய்தி நம் பாடநூல்களிலும் மேடைகளிலும் உரிய அளவு பேசப்பட வேண்டும்.

மற்றொரு செய்தியும் எண்ணத்தக்கது. 1996இல் மலேசியாவின் முதல் செயற்கைக்கோளான மியாசாட் விண்ணில் ஏவப்பட்டது. அதே ஆண்டு தொடங்கிய ஆஸ்ட்ரோ அதன் வழியே தமிழ் அலைவரிசையான வானவில்லைக் கிள்ளான் பள்ளத்தாக்கின் வீடுகளுக்குக் கொண்டுவந்தது. தமிழ்த் தொடர்களும் பாடல்களும் ஏறத்தாழ 36,000 கிலோமீட்டர் உயரத்திலுள்ள கோளைத் தொட்டே நம் வீட்டை அடைந்தன. கலை அறிவியலின்மீது ஏறிப் பயணம் செய்கிறது. ஆனால் அப்பயணம் எவ்வாறு நிகழ்கிறது என்பதை அத்தமிழிலேயே கேட்கும் வாய்ப்பு நம் மாணவருக்கு அரிதாகவே கிட்டுகிறது.

முடிவுரை

'கலையரசி' துணிவான முயற்சி என்பதில் ஐயமில்லை. ககாரின் பறந்து ஏறத்தாழ ஈராண்டில் ஒரு தமிழ்ப்படம் விண்கலத்தைத் திரைக்குக் கொண்டுவந்தது. கலையின் பெருமையை ஒரு கோளின் தேவையாகக் காட்டியது. பானுமதியின் ஆளுமைக்கு ஏற்ற கதையொன்றை அமைத்தது. இவை அதன் நிறைகள். வேற்றுக்கோளை அரசவையாகச் சுருக்கியதும், நாயகிக்கு அறிவின் பங்கை அளிக்காததும், அறிவியலைத் தேடத் தக்க பொருளாகக் கருதாததும் அதன் குறைகள். முதல் முயற்சி என்ற பெருமிதத்தால் இக்குறைகளை மறைப்பது அப்படத்திற்கும் நன்மை செய்யாது. நமக்கும் நன்மை செய்யாது.

தமிழாசிரியர்க்கு இப்படம் ஒரு நல்ல பாடப்பொருளாகும். கதையை மாணவருக்குச் சொல்லி, மோகன் திரும்பி வரும்போது வேற்றுக்கோளிலிருந்து எதனைக் கொண்டு வந்திருக்க வேண்டும் என்று எழுதச் சொல்லலாம். கொண்டு வந்த பொருள் எவ்வாறு இயங்குகிறது என்பதையும் தமிழிலேயே விளக்கச் சொல்ல வேண்டும். கலைச்சொல் தேவைப்படும், மாணவர் தேடுவர், சில வேளைகளில் தாமே படைப்பர். கட்டுரைப் பயிற்சியாகத் தொடங்குவது அறிவியல் தமிழ்ப் பயிற்சியாகவும் அமையும். 'கலை' என்னும் சொல் இழந்த பழைய பரப்பை மீட்பதற்கு அகராதியைவிட இத்தகைய வகுப்பறைப் பயிற்சியே பெரிதும் துணைபுரியும்.